நன்னடத்தைச் சான்றிதழ்

மார்செல் தெரு முனையில் தலை காட்டினால் போதும். மளிகைக் கடைக்காரர், வாசலில் அடுக்கியிருக்கும் காய்கறிப் பெட்டிகளை அள்ளி உள்ளே போட்டுவிட்டு, மளமளவென்று ஷட்டரை இறக்கிவிடுவார். பாக்கி! பேக்கரிக்கார அம்மாவிடமும் மார்செலுக்குக் கணக்கு நிற்கிறது. அவர் ரயில்வே ஸ்டேஷன் வாசலில் ஷூ பாலிஷ் போடுகிறவர். ஊரில் பாதிப் பேர் பாலிஷே தேவைப்படாத ஸ்போர்ட்ஸ் ஷூவுக்கு மாறியாச்சு. கடனை எப்படி அடைப்பார், பாவம்?

படம் கொஞ்ச தூரம் போனதும், அதே கடைக்காரர் அதே மார்செலைக் கூப்பிட்டு கை கொள்ளாமல் சாமான் கொடுக்கிறார். எப்படியும் கெட்டுப்போகப் போகிற சரக்குதான் என்று ஒரு சால்ஜாப்பு வேறு. நடுவில் நடந்தது ஒன்றே ஒன்றுதான். போலீஸ் தேடிக்கொண்டிருக்கும் ஓர் ஆப்பிரிக்கப் பையன் மார்செல் வீட்டில் ஒளிந்திருக்கிறான் என்ற விஷயம் தெருவுக்குத் தெரிந்துவிட்டது. யாரும் கூட்டம் போடவில்லை. தீர்மானம் நிறைவேற்றவில்லை. ஷட்டர் ஏறிவிட்டது, அவ்வளவுதான்.

படத்தின் பெயர் 'லெ ஹாவ்ர்'. 2011-ல் வந்தது. ஃபின்லாந்து இயக்குநர் அகி கௌரிஸ்மாகி, பிரான்ஸின் வடக்குக் கரையில் இருக்கும் அந்தத் துறைமுக நகரத்துக்குப் போய், பிரெஞ்சு மொழியிலேயே எடுத்த படம். கேன் விழாவில் சர்வதேச விமர்சகர்களின் பரிசு வாங்கியது. வந்த புதிதில் பார்த்துவிட்டு, 'என்ன அழகான படம்!' என்று நாலு பேரிடம் சொல்லிவிட்டு மறந்துபோனேன். சமீபத்தில் மறுபடி பார்க்கவேண்டி வந்தது. காரணம், பழைய ஃபைலில் இருந்த ஒரு பத்திரிகைத் துண்டு. அகதி என்று வந்த ஒரு குடும்பத்தை நாட்டை விட்டு அனுப்பாதே என்று நிஜமாகவே ஓர் ஊர் வரிந்துகட்டி நின்ற செய்தி அது. ஆஸ்திரேலியாவில் நடந்தது. படத்தையும் செய்தியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, இரண்டைப் பற்றியும் என் அபிப்பிராயம் கொஞ்சம் மாறிவிட்டது.

முதலில் படம்.

துறைமுகத்தில் ஒரு கன்டெய்னர். லண்டனுக்குப் போகவேண்டியது, வழிதவறி இங்கே நிற்கிறது. இரவுக் காவலாளிக்கு உள்ளே குழந்தை அழுகிற சத்தம் கேட்கிறது. ஆயுதம் தாங்கிய போலீஸ் சூழ்ந்து நிற்க, கதவைத் திறக்கிறார்கள். நமக்கு நெஞ்சு பதைக்கிறது. நாற்றம், அழுக்கு, பிணம் என்று எதையோ எதிர்பார்க்கிறோம். உள்ளே அவரவர் இருப்பதில் நல்ல உடையை உடுத்திக்கொண்டு, நிதானமாக உட்கார்ந்து நம்மைப் பார்க்கிறார்கள் சில மனிதர்கள். ஏதோ கல்யாணத்துக்கு பஸ் பிடிக்க வந்தவர்கள் மாதிரி. திரைக்கதையில் முதலில் கோரமாகத்தான் எழுதியிருந்தாராம் இயக்குநர். எடுக்க மனசு வராமல், நேர் எதிராக மாற்றிவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார்.

அங்கிருந்து ஓடிவிடுகிறான் இத்ரிசா என்ற பையன். கேபோன் நாட்டுக்காரன். ஒரு போலீஸ்காரர் துப்பாக்கியைத் தூக்க, இன்ஸ்பெக்டர் மோனே தடுக்கிறார். பிறகு கடலோரத்தில் இடுப்பளவு தண்ணீரில் நிற்கும் பையனை, சாண்ட்விச் சாப்பிட வந்த மார்செல் பார்க்கிறார். சாப்பாட்டை வைத்துவிட்டுப் போகிறார். பையன் வீட்டுக்கு வருகிறான்.

இங்கேதான் கவனிக்க வேண்டும். தெருவில் ஒருத்தரும் அந்தப் பையனை விசாரிப்பதில்லை. ஏன் வந்தாய், உன் நாட்டில் உனக்கு என்ன ஆபத்து, படித்து என்னவாகப் போகிறாய், எங்களுக்கு என்ன செய்வாய் என்று ஒரு கேள்வி கிடையாது. போலீஸ் வந்தால் ஒளித்துவைக்கிறார்கள். லண்டனில் இருக்கும் அம்மாவிடம் படகில் அனுப்ப 3,000 யூரோ வேண்டும் என்றதும், அந்த ஊர் ராக் பாடகர் லிட்டில் பாப்பை வைத்துக் கச்சேரி நடத்துகிறார்கள் (நிஜமாகவே லெ ஹாவ்ர்காரர்தான், அவராகவே நடித்திருக்கிறார்). பையனின் தாத்தாவை வைத்திருக்கும் தடுப்பு முகாமுக்குப் போய், 'நான் அவர் தம்பி' என்கிறார் மார்செல். வெள்ளைக்காரர், கறுப்பருக்குத் தம்பி! எப்படி என்றால், 'எங்கள் குடும்பத்தில் நான் மட்டும் அல்பினோ' என்கிறார், முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல். தியேட்டராக இருந்தால் விசில் பறந்திருக்கும்.

இப்போது அந்தப் பத்திரிகைத் துண்டு.

பிலோலா. ஆஸ்திரேலியாவில் குயின்ஸ்லாந்து மாநிலத்தின் உள்பகுதியில், சுமார் 6,000 பேர் வசிக்கும் சின்ன ஊர். நிலக்கரி, மாடு, பருத்தி. தேர்தல் என்றால் வலதுசாரிக் கூட்டணிக்கு ஓட்டுப் போடுகிற பகுதி. 'அகதிகளை வரவேற்போம்' என்று பலகை பிடிக்கும் ஊர் என்று யாரும் சொல்லமாட்டார்கள். அங்கே ஓர் ஈழத் தமிழ்க் குடும்பம். கணவரும் மனைவியும் 2012-லும் 2013-லும் தனித்தனியாகப் படகில் வந்தவர்கள். ஆஸ்திரேலியாவில்தான் சந்தித்து, கல்யாணம் செய்துகொண்டு, இந்த ஊரில் குடியேறினார்கள். அவருக்கு இறைச்சித் தொழிற்சாலையில் வேலை. இரண்டு பெண் குழந்தைகள், இரண்டும் ஆஸ்திரேலியாவில் பிறந்தவை.

2018 மார்ச் 5, விடியற்காலை. மனைவியின் தற்காலிக விசா காலாவதியாகி ஒருநாள்தான் ஆகியிருந்தது. அதிகாரிகள் கதவைத் தட்டினார்கள். மூட்டை கட்டப் பத்து நிமிஷம். சின்னக் குழந்தைக்கு அப்போது ஒரு வயதுகூட நிரம்பவில்லை. மெல்போர்னில் இருக்கும் தடுப்பு முகாமுக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

அன்று ஊரில் ஷட்டர் ஏறியது.

மனு எழுதினார்கள். கையெழுத்து 5 லட்சத்தைத் தாண்டியது. வக்கீல் வைத்தார்கள். 2019 ஆகஸ்டில், ஓர் இரவில் குடும்பத்தை விமானத்தில் ஏற்றி இலங்கைக்குக் கிளப்பியே விட்டது அரசு. விமானம் வானத்தில் இருக்கும்போதே நீதிபதியிடம் தடை உத்தரவு வாங்கினார்கள். டார்வினில் இறக்கவேண்டியதாயிற்று. சினிமாவில் வைத்தால் 'ரொம்ப ஓவர்' என்று நாமே சொல்வோம். பிறகு நடுக்கடலில் இருக்கும் கிறிஸ்துமஸ் தீவுக்குக் கொண்டுபோய், கிட்டத்தட்ட அந்த ஒரே குடும்பத்துக்காக ஒரு தடுப்பு முகாமை நடத்தினார்கள். பி.காம். படித்தவனுக்குச் செலவுக் கணக்கு பார்க்காமல் தூக்கம் வராது. குடும்பத்தை அடைத்துவைத்த செலவு 60 லட்சம் ஆஸ்திரேலிய டாலருக்கு மேல் என்று பத்திரிகைகள் எழுதின. சின்னக் குழந்தையின் மனுவை முறையாகப் பரிசீலிக்கவில்லை என்று நீதிமன்றம் கண்டித்து, வழக்குச் செலவாக 2 லட்சம் டாலருக்கு மேல் கட்டச் சொன்னது தனி.

2021 ஜூனில், நான்கு வயதைத் தொடவிருந்த அந்தக் குழந்தைக்கு ரத்தத்தில் கிருமி பரவி, தீவிலிருந்து பெர்த் ஆஸ்பத்திரிக்கு விமானத்தில் கொண்டுபோகும் நிலைமை. நாடே கொதித்தது. 2022 மே மாதம் ஆட்சி மாறியது. ஜூன் 10-ம் தேதி குடும்பம் பிலோலாவில் வந்து இறங்கியது. ஆகஸ்டில் நிரந்தர விசா. நாலு வருஷம் மூன்று மாதம் விடாமல் பிடித்து நின்று ஜெயித்திருக்கிறார்கள் அந்த ஊர்க்காரர்கள். அவர்களில் முன்னால் நின்ற பெண்கள் அரசியல்வாதிகள் அல்ல, பிரபலங்களும் அல்ல.

இனிமேல் சொல்லப்போவது அவர்கள் மேல் குறை சொல்வதாகத் தோன்றினால் மன்னிக்கவும்.

அந்த ஊர் என்ன சொல்லிப் போராடியது? அவர் நல்ல உழைப்பாளி. தர்ம காரியங்களுக்குத் தொண்டராகப் போவார். அந்த அம்மா சமைத்த குழம்பை உள்ளூர் ஆஸ்பத்திரி டாக்டர்களுக்குக் கொடுத்து அனுப்புவார். குழந்தைகள் இந்த மண்ணில் பிறந்தவர்கள். எல்லாம் உண்மை. எல்லாம் மனசைத் தொடுகிறவை. ஆனால் யோசித்துப் பாருங்கள், இதெல்லாம் என்ன? ஒரு நன்னடத்தைச் சான்றிதழ்.

பள்ளிக்கூடத்தை விட்டு வரும்போது கொடுக்கும் மாற்றுச் சான்றிதழில் 'நடத்தை' என்று ஒரு வரி உண்டு. அதில் 'நன்று' என்று எழுதாத ஹெட்மாஸ்டரை நான் பார்த்ததில்லை. வாத்தியார் நாற்காலியில் முள் வைத்தவனுக்கும் 'நன்று'தான். அந்த ஒரு வார்த்தை இல்லாவிட்டால் அடுத்த பள்ளிக்கூடத்தில் சேர்க்கமாட்டார்கள் என்று அவருக்குத் தெரியும்.

1951-ம் வருஷத்து அகதிகள் ஒப்பந்தத்தில் 'நடத்தை' என்று ஒரு வரி இல்லை. கொடுங்குற்றம் செய்தவர்களை விலக்க ஷரத்து உண்டு. மற்றபடி அது கேட்பது ஒன்றைத்தான்: திரும்பிப் போனால் துன்புறுத்தப்படுவோம் என்ற பயத்துக்கு நியாயமான ஆதாரம் இருக்கிறதா? குழம்பு ருசியா, வேலைக்கு டயத்துக்கு வருவாரா என்று கேட்பதில்லை. சட்டத்தின் கேள்வி ஒன்று, ஊர் சொல்லும் பதில் வேறொன்று.

ஏன் அப்படி? சட்டத்தின் கேள்வியில் அந்தக் குடும்பம் ஏற்கெனவே தோற்றுவிட்டிருந்தது. பெற்றோரின் கோரிக்கை ஒவ்வொரு படியிலும் நிராகரிக்கப்பட்டு, உயர்நீதிமன்றமும் தலையிட மறுத்துவிட்டது. ஆஸ்திரேலியாவில் அதற்கு மேல் கோர்ட் கிடையாது. அரசாங்கத்தின் வாதமும் இதுதான்: முறைப்படி விசாரித்தாகிவிட்டது, ஒரு குடும்பத்துக்கு விதிவிலக்கு கொடுத்தால் நாளைக்கே படகுகள் கிளம்பும். வெறும் வன்மம் என்று இதைத் தள்ளிவிட முடியாது. ஆனால் இதே அரசின் உள்துறை அமைச்சர் பீட்டர் டட்டன் அந்தக் குழந்தைகளை 'நங்கூரக் குழந்தைகள்' என்றார். அதாவது, பெற்றோர் இங்கேயே தங்குவதற்காகப் போட்ட நங்கூரமாம். அங்கேயும் பேசப்பட்டது சட்டம் அல்ல, நடத்தைதான்! அரசு 'நடத்தை மோசம்' என்று எழுத, ஊர் அதை அடித்துவிட்டு 'நன்று' என்று எழுதியது.

முன்னாள் துணைப் பிரதமர் பர்னபி ஜாய்ஸ், அரசுக் கட்சிக்காரராக இருந்தும் குடும்பத்துக்கு ஆதரவாகப் பேசினார். இந்தக் குழந்தைகளின் பெயர் ஜேன், சாலி என்று இருந்திருந்தால், பிறக்காத நாட்டுக்கு அனுப்ப நாம் யோசித்திருக்கமாட்டோமா என்று கேட்டார். நல்ல கேள்வி. உண்மையைப் போட்டு உடைக்கும் கேள்வியும்கூட. காப்பாற்றப்பட வேண்டுமென்றால் முதலில் நம்மைப் போல ஆகவேண்டும், பெயரளவிலாவது.

விடியற்காலையில் பக்கத்து வீட்டை வாரிக்கொண்டு போவதைப் பார்த்தவர்களிடம் போய் நான் ஒப்பந்தத்தின் ஷரத்தை வாசித்துக்கொண்டிருக்க முடியாது. கையில் எது கிடைத்ததோ அதை எடுத்துத்தான் அடிப்பார்கள். நானாக இருந்தாலும் குழம்பைப் பற்றித்தான் பேசியிருப்பேன். ஜெயித்ததும் அதனால்தான். என் கவலை, சான்றிதழ் எழுதிக்கொடுக்க ஊர் இல்லாதவனைப் பற்றியது. பெரிய நகரத்தில் ஒண்டிக்கட்டையாக இருக்கிறவன், பாஷை வராதவன், முகாமிலேயே வருஷக்கணக்கில் கிடந்ததில் மனசு கெட்டு முன்கோபியானவன், குழம்பு வைக்கத் தெரியாதவன். அவனுடைய பயம் மட்டும் பொய்யாகிவிடுமா?

வேறு யாரையோ சொல்வானேன்? உலகம் முழுக்க இப்படி எத்தனையோ ஊர்கள் எத்தனையோ பேருக்காகப் போராடியிருக்கின்றன. அதில் இந்த ஒரு துண்டை மட்டும் நான் ஏன் கத்தரித்து வைத்தேன்? தமிழ்க் குடும்பம் என்பதால்தான். பிலோலாக்காரர்களுக்கு அந்தச் சலுகை இல்லை. பாஷை வேறு, சாமி வேறு, சாப்பாடு வேறு. பார்க்கப்போனால் அவர்கள் என்னைவிட எவ்வளவோ மேல்.

இதை வைத்துக்கொண்டு படத்துக்குத் திரும்பினால், முதல் தடவை கண்ணில் படாத ஒன்று உறுத்துகிறது. தெரு கேள்வி கேட்கவில்லை, சரி. ஆனால் கேட்கத் தேவையில்லாத பையனாகவே இத்ரிசாவைப் படைத்துவிட்டாரே இயக்குநர்! மரியாதையாகப் பேசுகிறான். அடம் இல்லை, கோபம் இல்லை, ராத்திரியில் அலறி எழுந்திருப்பதுகூட இல்லை. ஆஸ்பத்திரியில் இருக்கும் மார்செலின் மனைவியிடம் உடையைக் கொண்டுபோய்க் கொடு என்றால், போய்க் கொடுத்துவிட்டு வருகிறான். கன்டெய்னரில் கிடந்து வந்த ஒரு பையன் இவ்வளவு சமர்த்தாகவா இருப்பான்? ஒரே ஒரு காட்சியில் அவன் எதையாவது போட்டு உடைத்து, அதற்குப் பிறகும் அந்தப் பேக்கரி அம்மா ரொட்டி கொடுத்திருந்தால், இது இன்னும் பெரிய படமாகியிருக்கும். தெருவைக் கேள்வி கேட்கவிடாமல், சான்றிதழை இயக்குநரே சத்தமில்லாமல் எழுதிப் பையன் சட்டைப்பையில் சொருகிவிட்டார். கன்டெய்னரில் நல்ல உடை போட்டு உட்காரவைத்ததும் இதே கைதானோ என்று இப்போது சந்தேகம் வருகிறது.

அதற்காகப் படத்தைத் தள்ளிவிட முடியாது. கௌரிஸ்மாகி ஏமாற்றுகிறவர் அல்ல. இது கதைதான் என்று அடிக்கடி நம் தோளைத் தட்டிச் சொல்லிக்கொண்டே இருக்கிறார். பையனைப் போலீஸுக்குக் காட்டிக்கொடுக்க ஒளிந்து ஒளிந்து பார்க்கும் பக்கத்து வீட்டுக்காரராக நடித்திருப்பவர் யார் தெரியுமா? ழான் பியேர் லியோ. 1959-ல் த்ரூஃபோவின் 'தி 400 ப்ளோஸ்' படத்தில், சீர்திருத்தப் பள்ளியிலிருந்து தப்பித்துக் கடலை நோக்கி ஓடினானே, அந்தப் பையன்! அன்றைக்கு ஓடிய பையன், வயசானதும் இன்னொரு ஓடும் பையனைப் போலீஸில் மாட்டிவிடுகிறான். ஒரு வார்த்தை வசனம் இல்லாமல், நடிகர் தேர்விலேயே இதைச் சொல்லிவிடுகிறார் இயக்குநர்.

கடைசியில் படகு கிளம்பும் நேரத்தில் போலீஸ் வந்துவிடுகிறது. இன்ஸ்பெக்டர் மோனே, பையன் ஒளிந்திருக்கும் அறையின் மூடி மேலேயே உட்கார்ந்துகொண்டு, இங்கே ஒன்றும் இல்லை என்று அனுப்பிவிடுகிறார். பிழைக்கமாட்டார் என்று டாக்டர்கள் கைவிட்ட மார்செலின் மனைவி திடீரென்று குணமாகி வீட்டுக்கு வருகிறார். வாசலில் செர்ரி மரம் பூத்திருக்கிறது. இரண்டு அற்புதங்களை அடுத்தடுத்து வைப்பது சும்மா இல்லை. முதல் அற்புதத்தை நம்பினால் இரண்டாவதையும் நம்பு என்கிறார். அதாவது, நல்ல தெரு மட்டும் போதாது, மூடி மேல் உட்காரும் ஓர் இன்ஸ்பெக்டரும் வேண்டும். பிலோலாவுக்கு அந்த அற்புதம் ஒருமுறை நீதிபதியாக வந்தது, இன்னொரு முறை தேர்தலாக வந்தது.

வராதவர்களுக்கு? 2023 பிப்ரவரியில், தற்காலிகப் பாதுகாப்பு விசாவில் இருந்த சுமார் 19,000 பேருக்கு நிரந்தர விசாவுக்கு வழி திறந்தது ஆஸ்திரேலிய அரசு. பிலோலா போராட்டத்தால் மாறிய நாட்டின் மனநிலைக்கு அதில் பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். ஆனால் அந்தக் குடும்பத்தைப் போலவே அதே அவசர விசாரணையில் கோரிக்கை நிராகரிக்கப்பட்ட ஆயிரக்கணக்கானவர்கள் அந்த வழிக்குள் வரவில்லை. 2024-ல் மெல்போர்னில் உள்துறை அலுவலகத்துக்கு வெளியே கூடாரம் போட்டு உட்கார்ந்தார்கள். அங்கே வந்து உட்கார்ந்தவர்களில் ஒரு தமிழ் இளைஞர், சிறுவனாகப் படகில் வந்தவர். 23 வயதில், அந்த ஆகஸ்டில், தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார். அவருக்காக மனு எழுதிய ஊர் எதுவும் நம் கண்ணில் படவில்லை.

படத்தில் மார்செலுக்குப் பக்கத்தில் பெட்டி வைத்துப் பாலிஷ் போடும் சாங் என்று ஒருவர் வருவார். முதல் தடவை அவரை நான் சரியாகக் கவனிக்கக்கூட இல்லை. ஒரு காட்சியில் தன்னைப் பற்றிச் சொல்கிறார். அவர் சீனர் இல்லை, வியட்நாம்காரர். சாங் என்பது அவர் பெயரே இல்லை, காசு கொடுத்து வாங்கிய பேப்பரில் இருக்கும் பெயர். அந்தப் பெயரிலேயே வருஷக்கணக்காக வாழ்ந்தாகிவிட்டது. அவருக்காகக் கச்சேரி கிடையாது, இன்ஸ்பெக்டர் கிடையாது, செர்ரி மரம் கிடையாது. பையன் படகேறிய மறுநாள் காலையும் அவர் ஸ்டேஷன் வாசலில் பெட்டியைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். 'லெ ஹாவ்ர்' டி.வி.டி. கிடைத்தால் பாருங்கள். பையனைப் பார்க்கும்போது, பக்கத்தில் இருக்கும் அவரையும் கொஞ்சம் பாருங்கள்.